டர்போ வண்டியின் காற்றழுத்தம்

பெட்ரோல் எரிவதற்குக் காற்று இன்றியமையாதது. சிலிண்டரினுள் காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாய் எரித்து வலிமை பெறலாம். வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிற் பொருந்திய மற்றொரு சக்கரத்தாற் காற்றை நெருக்கி உட்செலுத்தும் கருவியே டர்போ. ஸ்வீடன் தேசத்து ஸாப் 99 டர்போவை உதாரணமாகக் கொள்வோம். 1978-இல் விற்பனைக்கு வந்த இவ்வண்டியின் 2 லிட்டர் யந்திரம், ஏறத்தாழ 0.7 பார் மிகையழுத்தத்தால் 145 குதிரைத்திறன் தந்தது.

இவ்வழுத்தத்தை வரையறுப்பது வேஸ்ட்கேட் என்னும் புகைக்கதவு. அதன் சுருள்வில்லை இறுக்கினால் அழுத்தம் உயரும். செயல் எளிது, அதன் விளைவையே நாம் ஆராய வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பு சூடேறுவதை யாவரும் அறிவோம். அவ்வாறே, 30 பாகை வெப்பமுள்ள காற்று 0.7 பாருக்கு நெருக்கப்பட்டால் 80 பாகைக்கு மேல் கொதிப்படைகின்றது. அழுத்தமும் உஷ்ணமும் வரம்பு கடந்தால், தீச்சுடர் சென்று எட்டுமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடிக்கும். அப்போது எழும் தட்டொலியை ‘நாக்கிங்’ என்பர். அது நீடித்தால் பிஸ்டன் பிளந்துபோம். இதனைத் தவிர்க்கவே ஸாப் நிறுவனத்தார் இவ்வியந்திரத்தின் அழுத்த விகிதத்தை 7.2 ஆகக் குறைத்து வைத்தனர்.

ஆகவே, அழுத்தத்தை உயர்த்த விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய முறை யாது?

முதலாவது, யந்திரத்தின் உடல்நலம். சிலிண்டர்கள் யாவும் ஒத்த அழுத்தம் காட்டுகின்றனவா, எண்ணெயும் குளிர்நீரும் செவ்வையாய் ஓடுகின்றனவா, ரப்பர்க் குழாய்களில் வெடிப்புண்டா எனச் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, அளவு. நம்பத்தக்க அழுத்தமானியும், புகையைக்கொண்டு கலவையை அளக்கும் கருவியும் இன்றி வில்லைத் தொடலாகாது. காற்று மிகுந்து பெட்ரோல் மிகாவிடின் கேடு விரைவில் நேரும்.

மூன்றாவது, துணை. நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரை முதலிற் பொருத்துக. உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலையே ஊற்றுக. தீப்பொறியைச் சிறிது தாமதிக்கச் செய்க.

நான்காவது, பொறுமை. ஒரு முறைக்கு 0.1 பாருக்கு மேல் உயர்த்தாது ஓட்டிப் பார்த்து, தட்டொலி சிறிது கேட்பினும் உடனே பின்வாங்குதல் வேண்டும். மிகையழுத்தத்தில் எரிபொருளை நிறுத்தும் காவற்பொறியைத் துண்டித்தல் பெரும்பிழை.

1982-ஆம் ஆண்டு வகை வண்டிகளில் ஸாப் நிறுவனத்தாரே இப்பொறுமையை ஒரு கருவியாக அமைத்தனர். ஏ.பி.சி. எனப்படும் அது தட்டொலியை உணர்ந்ததும் அழுத்தத்தைத் தானே தணிக்கும். அக்கருவியில்லாப் பழைய வண்டியில் ஓட்டுவோர் செவியும் மானியுமே அவ்வேலையைச் செய்தல் வேண்டும். பிளந்த பிஸ்டனுக்கு மாற்றுத் தேடித் திரிவதினும், 0.1 பார் குறைவாய் ஓடும் வண்டியில் ஊர் போய்ச் சேர்வது நன்றன்றோ?