ஏரிச் சிறுமீனும் அதன் தற்கால நிலையும்

சென்னைக்குத் தெற்கே வண்டலூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் முதலிய ஊர்களின் விவசாயம் ஏரிப் பாசனத்தை ஒட்டியே வளர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பும். ஓர் ஏரியின் உபரி ஜலம் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் சென்று, முடிவில் அடையாற்றைச் சேரும். அந்த ஜலத்தோடு மீன்களும் ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் பரவுகின்றன. விலைபோகும் விராலையும் கெண்டையையும் குடியானவர் நன்கறிவர். விரல் நீளமும் இல்லாத சிறுமீன்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. அவற்றுள் ஒன்றன் நிலை இங்கு விவரிக்கப்படுகிறது.

அடையாளமும் குணமும்

இம்மீனின் சாஸ்திரப் பெயர் அப்ளோகீலஸ் பர்வஸ் என்பது. பி. சுந்தரராஜ் என்பவர் சென்னைப் பிரதேசத்து நன்னீர் மீன்களைப் பற்றி 1916-ல் வெளியிட்ட குறிப்புகளில் இதனை முதன்முதல் விவரித்தார். இவர் பின்னர்ச் சென்னை மாகாண மீன் இலாகாவின் டைரக்டராக விளங்கியவர். இம்மீன் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. நீளம் சுமார் 5 சென்டிமீட்டருக்கு மேற்படாது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டுப் போன்ற ஒரு புள்ளி பளிச்சிடும். வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதால், நீர்மட்டத்திலேயே சஞ்சரித்துக் கொசுப் புழுக்களையும் சிறு பூச்சிகளையும் உண்ணும். மலையாளத்தில் இவ்வினத்து மீனை மானத்துக்கண்ணி என்பர்; வானத்தை நோக்கிய கண்ணுடையது என்பது பொருள்.

இம்மீன் நாளொன்றுக்குச் சில முட்டைகளையே நீர்ச்செடிகளில் ஒட்டும்படி இடும். அவை பொரிக்கச் சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே கரையோரத்துப் புல்லும் பாசியும் இன்றேல் சந்ததி இல்லை.

பட்டியல் கூறுவது யாது?

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் சிவப்புப் பட்டியல் என்னும் ஜாபிதாவைத் தயாரித்து வருகிறது. உயிரினங்கள் எவ்வளவு தூரம் அழிவை நெருங்கியிருக்கின்றன என்பது அதில் வகைப்படுத்தப்படுகிறது. 10 வருஷங்களில் அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றுள் எது நீண்டதோ அக்காலத்துள், ஓரினம் எவ்வளவு குறைந்தது என்பது ஒரு முக்கிய அளவு. அது வாழும் பரப்பு எவ்வளவு குறுகியது என்பது மற்றொன்று. தாமிரவருணி ஆற்றில் மட்டுமே வாழும் தாமிரவருணிக் கெண்டையினம் பரப்புக் குறுகியதாதலின் அபாயத்திலுள்ள இனமாக வைக்கப்பட்டிருக்கிறது. மானத்துக்கண்ணியோ பரந்து வாழ்வதால் கவலைக்கு இடமில்லாத வகுப்பில் சேர்ந்திருக்கிறது.

இதனைத் தவறாக அர்த்தம் செய்துகொள்ளலாகாது. பட்டியல் முழு இனத்தைப் பற்றியதேயன்றி, ஒவ்வோர் ஏரியையும் பற்றியதன்று. ஜில்லாவில் தானியம் மிகுதி என்றால் ஒவ்வொரு வீட்டுக் குதிரும் நிறைந்திருக்கிறது என்று ஆகாதன்றோ? ஓர் ஏரியில் இம்மீன் அற்றுப்போய், வரத்துக் கால்வாயும் தூர்ந்துவிட்டால், அவ்வேரிக்கு அது தானே திரும்பி வர வழியில்லை.

குறைவதற்குக் காரணங்கள்

முதலாவது, ஏரிச் சங்கிலி அறுபடுவது. வண்டலூர்ப் பக்கத்தில் வயல்கள் மனைகளாகிவிட்டன, பெருஞ்சாலைகள் வந்தன, அடுத்துள்ள கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பெரிய பஸ் நிலையமும் திறக்கப்பட்டது. இத்தகைய மாறுதல்களினிடையே கால்வாய்கள் அடைபடாமல் காப்பது கடினம்.

இரண்டாவது, சாக்கடை நீரும் பூச்சிமருந்தும். நீர்மட்டத்து மீனாதலால் மேலே மிதந்து வரும் எண்ணெயும் மருந்தும் இதனை முதலில் தாக்கும்.

மூன்றாவது, அந்நிய மீன். அமெரிக்காவின் தென்பகுதிக்குரிய கம்பூசியா, கொசுவை ஒழிக்கும் பொருட்டு 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இது முட்டையிடாமல் குஞ்சு ஈனுவது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஈன்று விரைவில் பெருகும். பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும்; செதிள்களைக் கடிக்கும். உலகின் மிகக் கேடான 100 அந்நிய உயிரினங்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. கொசுப் புழுவைத் தின்னும் உள்ளூர் மீன் இருக்க, அதன் இடத்தைப் பறிக்கும் மீனை ஏரியில் விடுவது லாபமாகாது.

செய்யத்தக்கவை

1. கம்பூசியாவை ஏரி, குளம், கால்வாய்களில் விடலாகாது. கலங்கல் நீரோடு அது அடுத்த ஏரிக்கும் செல்லும்.

2. தூர் வாரும்போது, ஏரியின் ஆழமான பாகத்தில் கோடையிலும் நீர் நிற்கும்படி ஒரு பள்ளம் விடவேண்டும். ஏரி முழுதும் வற்றினால் இம்மீன் பிழைக்காது.

3. கரைப் புல்லை ஒரே சமயத்தில் முழுதும் அகற்றாமல், ஒரு பக்கத்தை அவ்வாண்டுக்கு விட்டு வைத்தல் நலம்.

4. மருந்து தெளித்த வயலின் நீரை உடனே வடிகாலில் விடாமல் சில நாள் வரப்புக்குள் தேக்க வேண்டும்.

5. கொசுவலைத் துணியால் மீன் பிடித்தல் குஞ்சுகளை வேரறுப்பதாகும், அது தவிர்க்கத்தக்கது.

கார்த்திகையில் ஏரி நிறைந்த பின்னர்க் கரையோரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் நிலைமை விளங்கும். உச்சியில் வெள்ளிப் பொட்டுடைய மீன்கள் தென்பட்டால் பழைய மீன் இன்னும் இருக்கிறது என அறியலாம். பொட்டில்லாமல் சாம்பல் நிறமும், பெண் மீனுக்குப் பருத்த வயிறும் உடைய கூட்டமே காணப்படின் கம்பூசியா புகுந்துவிட்டது என ஐயுறலாம். இரண்டும் கலந்திருக்கும் ஏரியில் காலதாமதமின்றி மீன் இலாகா உத்தியோகஸ்தரைக் கலந்துகொள்வது உசிதம்; பழைய மீன் முற்றும் அற்றபின் செய்யத்தக்கது அதிகமில்லை.