மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் பின் கைக்கு மெல்லிய பயிற்சி

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து வீடு திரும்பியவரிடம், "அந்தக் கையை அசைக்காதே, தையல் விட்டுவிடும்" என்று வீட்டார் சொல்வது வழக்கம். அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் அசைக்காத கையின் தோள்மூட்டு இறுகிவிடும். கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் படுக்க வேண்டும்; கை உயராவிட்டால் அந்தச் சிகிச்சை தள்ளிப்போகலாம். மீண்டும் கொழுந்து பறிக்கவும் இரண்டு கையும் வேண்டும்.

எந்தப் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் 5 தடவையாக, நாளுக்கு 3 வேளை செய்யுங்கள்.

வடிகுழாய் இருக்கும்வரை

முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

1. விரல்களை இறுக மடக்கி விரியுங்கள்.
2. முழங்கையை மடக்கி நீட்டுங்கள்.
3. இரு தோள்களையும் காதை நோக்கி உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள்.

முகம் கழுவுவதையும் சாப்பிடுவதையும் வழக்கம்போல் செய்யுங்கள். படுக்கும்போது கையைத் தலையணைமேல் வையுங்கள்.

வடிகுழாயை எடுத்து, வைத்தியர் அனுமதித்த பின்

1. மல்லாந்து படுத்து, விளக்குமாற்றுக் கம்பை இரு கைகளாலும் பிடித்துத் தலைப்பக்கம் கொண்டுபோங்கள். நல்ல கை மற்றக் கைக்கு உதவும்.
2. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல ஏறுங்கள். எட்டிய இடத்தில் கரியால் கோடு போடுங்கள். நாள் போகப் போகக் கோடு உயர்வதைக் காண்பீர்கள்.
3. கைகளைப் பிடரியில் கோத்து, முழங்கைகளை விரியுங்கள்.

இலேசாக இழுப்பது இயல்பு. வலித்தால் நிறுத்தி, ஆழமாக மூச்சு விடுங்கள்.

புது வீட்டுக்கு மாறும்போது

முதல் 6 வாரங்களுக்குத் தண்ணீர் நிரம்பிய கேத்தலைவிடப் பாரமான எதையும் அந்தக் கையால் தூக்காதீர்கள். தகரம், விறகு, தண்ணீர்க் குடம் எல்லாம் மற்றவர் சுமக்கட்டும். வட்டவளை மழையில் கிளினிக் கொப்பி நனையாதபடி பொலித்தீன் உறையில் வையுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் புதிய முகவரியைச் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், வருடங்கள் கழித்தும் கை வீங்கலாம். மலையில் நீண்ட கைச்சட்டை அணியுங்கள். தேயிலைக் கிளை கீறினாலோ அட்டை கடித்தாலோ சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். கூடை நிறையும்வரை காத்திராமல் கொழுந்தைக் கொட்டுங்கள். இலகு வேலைக்கு வைத்தியரின் கடிதம் கேட்டு வாங்கி, தோட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை

காய்ச்சல், காயத்தில் சீழ், கை சிவந்து சூடாதல், திடீர் வீக்கம். மூச்சுத் திணறல் வந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

வீட்டாருக்கு: அவருடைய தண்ணீர்க் குடத்தை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். பயிற்சியை மட்டும் அவரே செய்யட்டும்.