ஆங்கிலத்தில் மறுப்பதும் தேற்றுவதும்

பிறர் அன்போடு தருவதை மறுப்பதும், கலங்கி நிற்பவரைத் தேற்றுவதும் வெவ்வேறு செயல்களாகத் தோன்றினாலும், இரண்டிலும் காக்கப்பட வேண்டியது எதிரே இருப்பவரின் மதிப்பே ஆகும். பிறர் முன்னிலையில் ஒருவர் தமக்கு உரியதாகக் கருதும் இம்மதிப்பைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1955-இல் 'முகம்' என்னும் கலைச்சொல்லால் குறித்தார். அக்கருத்தை விரித்துப் பெனலோப் பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் 1978-இல் வெளியிட்ட பணிவுக் கோட்பாடு, ஆங்கிலத்தோடு மெக்சிகோவின் செல்டால் மொழியையும் கோவை மாவட்டக் கிராமம் ஒன்றின் பேச்சுத் தமிழையும் சான்றாகக் கொண்டது. ஆகவே பணிவின் அடிப்படை தமிழருக்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் அது வெளிப்படும் முறையே பயிலத்தக்கது.

ஆங்கில உரையாடலில் இசைவு தயக்கமின்றி வர, மறுப்பு சற்றுத் தாமதித்து, நன்றியும் காரணமும் சூழ வருவதே பொதுவழக்கு என்பதை உரையாடல் பகுப்பாய்வு, அதாவது இயல்பான பேச்சைப் பதிவுசெய்து அதன் ஒழுங்கை ஆராயும் துறை, காட்டியுள்ளது. அதனால் வெறும் 'நோ' முகத்தில் அடித்தாற்போல் ஒலிக்கிறது. உடன் பணிபுரிபவர் இரவு விருந்துக்கு அழைக்கும்போது, 'தேங்க் யூ ஃபார் ஆஸ்கிங், பட் ஐ காண்ட் மேக் இட் டுநைட்' என்று நன்றியை முன்வைத்து மறுப்பைத் தெளிவாகச் சொல்லி, ஒரே ஒரு காரணத்தைச் சேர்த்தால் போதும். காரணங்களை அடுக்கினால் நம்பகம் குறையும். வர இயலாதென்று தெரிந்தும் மனம் கோணக்கூடாதென எண்ணி 'ஐ வில் ட்ரை' என்பவர், விருந்தளிப்பவரை வீணாகக் காத்திருக்க வைக்கிறார். 'மேபி அனதர் டைம்' என்பதும் மீண்டும் அழைக்கப்பட விரும்பும்போது மட்டுமே சொல்லத்தக்கது.

பழக்க வேறுபாடு மிகுதியாகப் புலப்படுவது தேநீர் மேசையில்தான். முதலில் வேண்டாம் என்பதும், வீட்டார் வற்புறுத்திய பின் பெற்றுக்கொள்வதும் பல தமிழ் வீடுகளில் நாகரிகம். பிரிட்டனிலோ முதல் மறுப்பையே முடிவாகக் கொள்வோர் பலர். எனவே அங்கே தேநீர் வேண்டுவோர் முதல் முறையிலேயே 'எஸ், ப்ளீஸ்' என்பதும், வேண்டாதோர் 'நோ, தேங்க் யூ' அல்லது 'ஐம் ஃபைன், தேங்க்ஸ்' என்பதும் நலம். 'இட்ஸ் ஓகே' என்று மட்டும் சொன்னால் இசைவா மறுப்பா என்று கேட்பவர் குழம்ப நேரும்.

தேற்றும் சொற்களில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. 'காம் டவுன்' என்பது ஆறுதலாக அமையாமல் கட்டளையாகி, பதற்றத்தைப் பெருக்கக் கூடும். 'நெவர் மைண்ட்' சிறு பிழையைப் பொறுப்பதற்குப் பொருந்தும். ஆனால் ஒருவர் சரியாகக் காதில் விழவில்லை என்று மீண்டும் கேட்கும்போது அதையே மறுமொழியாகத் தந்தால், அவரைப் புறந்தள்ளியது போலாகும். அறிக்கையில் பிழை செய்துவிட்டு வருந்தும் இளம் ஊழியரிடம் 'டோன்ட் வொரி' என்பதோடு நில்லாமல், 'வீ கேன் கரெக்ட் இட் பிஃபோர் டுமாரோ' என்று வழியையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அவர் மனம் உண்மையில் அடங்கும். பிழை பெரிதாக இருக்கையில் 'நோ ப்ராப்ளம்' என்பது பரிவாகத் தோன்றினும், திருத்தத்திற்குரிய வாய்ப்பை அவரிடமிருந்து பறித்துவிடும். இழப்பில் வாடுபவரிடம் எல்லாம் சரியாகிவிடும் எனும் உறுதிமொழியைக் காட்டிலும் 'ஐம் சோ சாரி' என்பதே தகும். இவ்விடத்தில் அது மன்னிப்புக் கோருவதன்று, துயரில் பங்குகொள்வது.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தருவது ஒரே சோதனை: சொன்னதைக் கேட்டவருக்கு, தாம் அடுத்துச் செய்ய வேண்டியது யாதென்று தெரிகிறதா? விருந்துக்கு அழைத்தவர் இன்னொருவருக்கும் சேர்த்துச் சமைக்கலாமா என்பதையும், பிழை செய்தவர் அதை இன்றே திருத்த வேண்டுமா என்பதையும் ஐயமின்றி அறிந்தால், அச்சொல் எளிய சொல்லாயினும் பணிவுடையதே. அறியாவிடில் எத்தனை இனிய சொல்லும் அவர் மீது சுமையையே ஏற்றும்.