புது பேட் போட்டாச்சு, அப்புறம்?

காரின் முன்சக்கரத்தில் பிரேக் பேட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பல கார்களில் சக்கரத்தைக் கழற்றி, காலிபரின் கீழ் போல்ட்டை எடுத்து மேலே தூக்கினால் பழைய பேட் கையோடு வந்துவிடும். வேலை எளிது என்பதாலோ என்னவோ, இதில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

"புதுசு போட்டாச்சு சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க." இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். புது பேட் தடிமனானது. அதற்கு இடம் விட பிஸ்டனை உள்ளே அழுத்தியிருப்பார்கள். அந்த நிலையில் முதல் மிதிக்கு பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. நின்ற இடத்திலேயே, கியர் போடாமல், பெடல் கெட்டிப்படும்வரை பலமுறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். அத்தோடும் முடியவில்லை. பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தால்தான் பிடிப்பு முழுமையாகும். காலிச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல், இடையில் சூடு ஆற ஓடவிட்டுப் பத்து தடவை போலச் செய்யலாம். பேட் பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டிஸ்க் கொதிக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது. பேட் இருந்த இடத்தில் திட்டாகப் படிந்துவிடும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று சொல்லப்படுகிற பல வண்டிகளின் கதை இதுதான்.

கீச்சென்று சத்தம் வந்தால் பேட் டூப்ளிகேட் என்பது இன்னொரு நம்பிக்கை. இங்கிலாந்தின் பொறியாளர் லாஞ்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலேயே இந்தக் கூச்சல் உண்டு. அவர் செம்பை அல்லவா உரசவிட்டார்! சத்தம் என்பது அதிர்வு. பழைய கிளிப்பையே திரும்ப மாட்டியிருக்கலாம், பின்புறத் தகடு விடுபட்டிருக்கலாம். நல்ல பேடும் கத்தும். ஆனால் பல பேடுகளில் ஒரு சிறு இரும்பு நாக்கு இருக்கும். பொருள் ஏறக்குறைய 3 மி.மீ.க்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். அந்தச் சத்தத்துக்கு மரியாதை கொடுங்கள்.

சத்தத்துக்கு மருந்தாக கிரீஸ் தடவுகிறவர்கள் உண்டு. டிஸ்க்கை உரசும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் அந்த பேட் குப்பைக்குத்தான். கிரீஸ் போக வேண்டிய இடம், காலிபர் நகரும் பின். அதுவும் சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிவிடும். பின்னைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், விரலுக்கு வழுக்கி வர வேண்டும். இறுகிப்போன வண்டியில் உள்பக்க பேட் இரும்பு தெரியத் தேய்ந்திருக்கும், வெளிப்பக்கம் பாதிகூடத் தேய்ந்திருக்காது. சக்கரத்தின் இடுக்கு வழியாக வெளி பேடை மட்டும் எட்டிப் பார்த்து "இன்னும் ஓடும்" என்று சொல்பவரிடம் ஏமாறுவது இங்கேதான்.

பிரேக் ஆயில் கொஞ்சம் குறைந்தால் உடனே ஊற்ற வேண்டுமா? கசிவு இல்லையென்றால் வேண்டாம். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், ஆயில் அந்த இடத்துக்குப் போகும். நிரப்பி வைத்தால், புது பேட் போடப் பிஸ்டனைத் தள்ளும் நாளில் பொங்கி வழிந்து பெயின்ட்டை அரிக்கும். ஆனால் அளவுக்கோட்டுக்குக் கீழே போனாலோ, திடீரென்று இறங்கினாலோ பட்டறைக்குப் போங்கள். அளவை விடப் பெரிய விஷயம் வயது. டாட் 4 ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்கும் கொதிநிலை, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அது கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். அச்சுக்கு இரண்டு பக்கமும் மாற்றுங்கள். டிஸ்க்கைக் கடைசல் பிடிப்பது கட்டாயம் இல்லை. ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்கு மேல் இருந்து, முகம் வழவழப்பாக இருந்தால் போதும்.

பின்சக்கரத்தில் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரா? அதற்குரிய சர்வீஸ் முறையில் மோட்டாரைப் பின்வாங்க வைக்காமல் பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் காலிபரே கெட்டுவிடும். அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.