காணொளிச் செயலியைத் தேர்ந்து கோடல்

அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அக்கழகமும், அதனையொத்த பிற கழகங்களும், பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் ஒருங்குகூடி 2003ஆம் ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னுந் திட்டத்தால், பேராசிரியர்தம் விரிவுரைகள் காணொளிகளாக யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. மதிற்புறத்தே நிற்கும் ஏழை மாணவனும் அவற்றைக் கேட்டல் கூடும். எனினும், அரிதிற் பதிவிறக்கிய விரிவுரை டேப்லட்டில் ஓடாதாயின் பயன் யாது? ஆகலின், காணொளிச் செயலியைத் தேர்ந்து நிறுவுமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அறியற்பாலது கோப்பின் இயல்பாம். எம்.பி.4, எம்.கே.வி. என்பன பெட்டகங்களையே ஒக்கும். அவற்றினுள்ளே படத்தைச் சுருக்கி வைக்கும் முறை கோடெக் எனப்படும். எச்.264 என்பது 2003லும், எச்.265 என்பது 2013லும், ஏ.வி.1 என்பது 2018லும் வெளிவந்தன. பழைய டேப்லட்டின் சில்லு எச்.264ஐ எளிதில் விரிக்கும். பிந்தியவற்றை விரிக்கும் உறுப்பு அதன்கண் இல்லையாயின், செயலியே அப்பணியை ஏற்கும். அப்பொழுது கருவி சூடேறும், பேட்டரி விரைந்து தீரும், படம் தடுமாறும். செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுதல் இதற்கு மருந்தன்று. எச்.264 முறையில் அமைந்த சிறிய கோப்பைத் தேடுதலே மருந்தாம்.

இனிச் செயலியைத் தேர்வாம். வி.எல்.சி. என்பது 1996ஆம் ஆண்டில் பாரிசு நகரை அடுத்த கல்லூரியொன்றின் மாணவர் தொடங்கிய முயற்சியினின்றும் தோன்றியது. 2001ஆம் ஆண்டில் அதன் மூலநிரல் யாவரும் கண்டு திருத்துமாறு வெளியிடப்பட்டது. அதற்கு விலையுமில்லை, விளம்பரமுமில்லை. பலவகைக் கோடெக்குகளும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. நம்மையொத்த மாணவர் தம் உழைப்பை விலைகூறாது உலகிற்கு ஈந்தமை நம்மாற் போற்றத்தக்கதன்றோ?

தமிழ் பயில்வோர் நோக்கற்பாலது வேறொன்றுமுண்டு, அது துணையுரை. தமிழ் யுனிகோடின் முதற் பதிப்பிலேயே, 1991ஆம் ஆண்டில், இடம்பெற்றது. பழைய குறியீட்டில் அமைந்த துணையுரைக்கோப்பு திரையிற் சிதைந்த எழுத்துகளாய்த் தோன்றும். அதனை எழுத்துமாற்றியால் யுனிகோடாக்கி, யு.டி.எஃப்.-8 முறையிற் சேமித்து, காணொளியின் பெயரையே இட்டு, அதே அடைவில் வைத்தல் வேண்டும்.

இறுதியாக நிறுவுமுறை. செயலியைக் கூகுள் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர், அல்லது உருவாக்கியோரது சொந்தத் தளத்தினின்றே பெறுக. 2022ஆம் ஆண்டில் வி.எல்.சி. தளம் இந்தியாவிற் சில திங்கள் தடைப்பட்டு, நவம்பரில் மீண்டுந் திறக்கப்பட்டது. இத்தகைய காலங்களில் முன்பின் அறியாத தளங்களை நாடுவோர் போலிச் செயலியை ஏற்றிக்கொள்ள நேரும். நிறுவியபின் அது வேண்டும் அனுமதிகளை நோக்குக. காணொளி ஓடுதற்குக் கோப்புகளைக் காணும் அனுமதி வேண்டும். நம் தொடர்பெண்களும் இருப்பிடமும் எதற்கு? அவற்றை வேண்டுஞ் செயலியை மறுத்தலே அறிவுடைமை.

விலையின்றி வருவன அனைத்தும் நன்கொடையல்ல. சில நம்மையே விலையாகக் கொள்வன. கோதுமையையும் பதரையும் பிரித்தறியும் கூர்மை நூற்கல்விக்கு எத்துணை இன்றியமையாததோ, அதனைத் தாங்கிவருங் கருவிக்கும் அத்துணை இன்றியமையாதது. நண்பர்காள், தேர்ந்து நிறுவுக. அறியாதார்க்கும் நிறுவிக் கொடுக்க.