மூன்றாம் பருவத்திற்கு முன்: எம்.பி.ஏ. மாணவர் சிறப்புப் பிரிவைத் தெரிவு செய்தல்

எம்.பி.ஏ. முதலாண்டுத் தேர்வுகள் முடிந்து, நிறுவனங்களில் கோடைப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும் இந்த வாரங்களில்தான், தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் சிறப்புப் பிரிவு, அதாவது நிதி, சந்தையியல், மனிதவளம், உற்பத்தி, தரவுப் பகுப்பாய்வு முதலியவற்றுள் மாணவர் இரண்டாமாண்டில் ஆழ்ந்து கற்கவிருக்கும் துறை, முடிவு செய்யப்படுகிறது. தோழர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துப் படிவத்தை நிரப்பாமல், அப்பிரிவைப் படித்தவருக்கு முதலில் கிடைக்கும் வேலையில் காலை முதல் மாலை வரை என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைக் கேட்டறிந்து தெரிவு செய்வதே தக்கது.

நிதிப் பிரிவை நாடுவோர் பலர். ஆயினும் அவர்களுள் பலருக்கு முதலில் வாய்ப்பது தனியார் வங்கிகளில் ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’ என்னும் பதவியே. தமக்குக் கீழே ஒருவரும் இல்லாத இந்த மேலாளரின் பணி, மாத இலக்கை எட்டும்வரை கணக்கும் கடனும் காப்பீடும் விற்பதாகும். விற்பனை பிடிக்காமல் நிதியை எடுத்தவர் இதனைப் பயிற்சிக் காலத்திலேயே அறிந்துகொள்வது நலம். பொதுத்துறை வங்கி அதிகாரித் தேர்வுக்கு ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டமே போதுமாதலால், அதற்காக இப்பிரிவை எடுக்கத் தேவையில்லை.

மனிதவளப் பிரிவு இரு வேறு உலகங்களுக்கு இட்டுச்செல்கிறது. ஒன்று, நாள் முழுதும் தொலைபேசியில் ஆள் தேடும் ஆள்சேர்ப்புப் பணி; மற்றொன்று, ஊதியம், வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை ஆகியவற்றோடு நாளும் புழங்கும் தொழிற்சாலைப் பணி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது; 2020இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வரம்பை 250 ஆகக் குறைத்தது. இப்பதவிக்குரிய கல்வித் தகுதியை அரசு விதிகளே வரையறுப்பதால், எம்.பி.ஏ. மட்டும் போதுமா, தொழிலாளர் சட்டத்தில் தனிப் பட்டயமும் வேண்டுமா என்பதை விதிகளைப் பார்த்து இப்போதே உறுதிசெய்ய வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் வாகன ஆலைகளின் உற்பத்திப் பணிகளில் பொறியியல் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை மிகுதி. கலை, வணிகவியல் படித்தவர்கள் சரக்குப் போக்குவரத்து, திருப்பூர் ஆடை ஏற்றுமதியின் ஆவணப் பணி ஆகியவற்றை நோக்கலாம். புள்ளியியலில் பிடிப்பில்லாதவர் தரவுப் பகுப்பாய்வைப் பெயருக்காக எடுப்பது வீண்.

எனவே, விருப்பப் பாடங்களுள் எவை உண்மையில் நடத்தப்படும் என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். போதிய மாணவர் சேராத பாடம் கைவிடப்படுவதுண்டு. மூத்த மாணவர்கள் பணியில் சேர்ந்த பட்டியலில் சம்பளத்தைவிடப் பதவியின் பெயரையும் பணியிடத்தையும் முதலில் பார்க்க வேண்டும். பயிற்சியில் எஞ்சிய நாட்களுள் சிலவற்றையேனும், நிறுவனத்தின் இசைவு பெற்று, வேறொரு துறையில் கழிக்கலாம். இரட்டைச் சிறப்புப் பிரிவுக்குக் கல்லூரி இடமளிக்குமாயின், நிதியோடு பகுப்பாய்வையோ சந்தையியலோடு சரக்கு மேலாண்மையையோ இணைப்பது பயன் தரும். வகுப்புகள் தொடங்கிய பின் பிரிவை மாற்றுவது எளிதன்று என்பதால், இவற்றையெல்லாம் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன்பே மாணவர்கள் முடித்துக்கொள்ள வேண்டும்.