சீட் பெல்ட்டும் எட்டு வினாடிகளும்



உம்ராவுக்குப் புறப்படும் நம் மஹல்லாவாசிகள் நிய்யத், தல்பியா, தவாஃப் என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஜித்தா போய்ச் சேரும் வரை வானத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மரின் தென்பகுதிக்கு மேலே 37,000 அடி உயரத்தில் இருந்தது. 211 பயணிகள், 18 பணியாளர்கள். கீழே இடிமேகங்கள் வளர்ந்துகொண்டிருந்த பகுதி அது. விமானம் லேசாக அதிரத் தொடங்கியது. சீட் பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி சொன்னது கருவியில் பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து சரியாக எட்டாவது வினாடியில் விமானம் கீழ்நோக்கி இழுக்கப்பட்டது. 4.6 வினாடிகளில் 178 அடி இறங்கியது, அதாவது சுமார் 54 மீட்டர். பெல்ட் போடாதவர்கள் முதலில் மேலே வீசப்பட்டார்கள், பிறகு தரையில் விழுந்தார்கள். பலருக்குத் தலையிலும் முதுகுத் தண்டிலும் அடி. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார். விமானம் பாங்காக்கில் இறக்கப்பட்டது.

எட்டு வினாடி என்பது எவ்வளவு நேரம்? போர்வையை விலக்கி, தொடைக்கு அடியில் சிக்கிய பெல்ட்டை இழுத்து, பக்கத்து இருக்கைக்காரருடைய பெல்ட்டோடு மாறிப்போனதைப் பிரித்து எடுப்பதற்குள் அது முடிந்துவிடும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு விளக்கு எரிந்ததே தெரியாது.

‘ஏர் பாக்கெட்டில் விழுந்துவிட்டது’ என்று ஊரில் சொல்வார்கள். காற்றே இல்லாத பள்ளம் என்று ஒன்று வானத்தில் கிடையாது. இடிமேகத்துக்குள் சூடான காற்று வேகமாக மேலே ஏறுகிறது, பக்கத்திலேயே குளிர்ந்த காற்று கீழே பாய்கிறது. இரண்டுக்கும் நடுவே விமானம் மாட்டினால் ஒரு கணம் தூக்கப்படும், மறுகணம் அமுக்கப்படும். அமுக்கப்படும்போது விமானம் இறங்கும் வேகம், ஒரு பொருள் தானாக விழும் வேகத்தைவிட அதிகமாகிவிடும். அதனால் பெல்ட் போடாதவர் மேலே பறப்பதுபோல் தெரிகிறது. உண்மையில் கூரைதான் இறங்கி வந்து அவர் தலையில் மோதுகிறது. பெல்ட் போட்டவரை இருக்கை தன்னோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

மேகங்கள் மலைபோல் அடுக்கப்படுவதை அல்லாஹ் சூரத்துந் நூரில் சொல்லிக் காட்டுகிறான். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மேகத்தின் அடிவயிறு மட்டும்தான் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், அந்த மலைகள் தெரியும். நம்முடைய வெப்பமண்டலத்தில் அவற்றின் உச்சி விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டிப் போவதுண்டு.

விமானியிடம் ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அது மழைத்துளியை நன்றாகக் காட்டும். மேகத்தின் உச்சியில் உள்ள காய்ந்த பனித்துகள்களை அந்த அளவுக்குக் காட்டாது. மேகத்துக்கு வெளியே கொந்தளிக்கும் தெளிந்த காற்றையோ அது காட்டுவதே இல்லை. கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் விலகிப் போகும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு அறிவுறுத்துவது இதனால்தான்.

குலுக்கலில் இறக்கை முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பறக்கும்போது வரக்கூடிய மிக அதிகமான சுமையைக் கணக்கிட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும்படிதான் இறக்கையைச் செய்கிறார்கள். ஆபத்து நம் தலைக்கும் கழுத்துக்கும்தான். பயண துஆவை ஓதிவிட்டு பெல்ட்டை அவிழ்த்துப்போடுகிறவர், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிடலாமா என்று நபிகளாரிடம் (ஸல்) கேட்டவருக்குக் கிடைத்த பதிலை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

நம்மவர்களிடம் நான் அதிகம் கவலைப்படுவது மீக்காத் நெருங்கும் நேரத்தைப் பற்றி. அறிவிப்பு வந்ததும் இஹ்ராம் உடைமாற்றவும் ஒளுச் செய்யவும் நடைபாதையில் வரிசை நிற்கும். அந்த நேரத்தில் விளக்கு எரிந்தாலும் ‘இதோ ஒரு நிமிடம்’ என்பார்கள். வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டே ஏறுங்கள். மீக்காத் வரும்போது நிய்யத் வைக்க எழுந்து நிற்கத் தேவையில்லை. அது உள்ளத்தில் வைப்பது, தல்பியாவை உட்கார்ந்தே சொல்லலாம். விளக்கு எரியும்போது தொழுகை நேரம் முடியப்போகிறது என்றால் இருக்கையிலேயே சைகையால் தொழ மார்க்கத்தில் இடமுண்டு. பிறகு அதைத் திருப்பித் தொழ வேண்டுமா என்பதை உங்கள் மத்ஹபுப்படி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘இஹ்ராமில் இருக்கும்போது பெல்ட் கட்டலாமா ஹஜ்ரத்?’ என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. தாராளமாகக் கட்டலாம். அது இருக்கையோடு சேர்ந்தது, உடுக்கும் உடை அல்ல. பணம் வைக்கும் இடுப்புப் பட்டையையே இஹ்ராமில் கட்டிக்கொள்ள அனுமதி இருக்கிறது. விளக்கு அணைந்த பிறகும் அவிழ்க்காமல், கொஞ்சம் தளர்த்தி இடுப்பிலேயே விட்டுவிடுங்கள். போர்த்திக்கொண்டு தூங்குவதென்றால் போர்வைக்கு மேலே போடுங்கள். பணியாளர்களுக்குப் பெல்ட் கண்ணில் படும், உங்களை எழுப்ப மாட்டார்கள்.

மடியில் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களே, குலுக்கல் வரும்போது எவ்வளவு பலமுள்ள கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. உங்கள் பெல்ட்டுக்குள் பிள்ளையையும் சேர்த்துக் கட்டிவிடவும் கூடாது, உங்கள் உடலே அதை நசுக்கிவிடும். பல விமானங்களில் மடிக்குழந்தைக்கென்று தனி பெல்ட் தருகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.